பெயர் தெரியாத கொடியில் பழம் பறிக்கலாமா?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தம்பி வந்து ஸலாம் சொல்லிவிட்டு, கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார்.

"ஹஜ்ரத், புதுசா வாங்கின வீட்டுக் கொல்லையில இந்தக் கொடி கிடக்கு. திராட்சைதானே? சின்னச் சின்னப் பழமா கொத்துக் கொத்தா இருக்கு. புள்ளைங்க பறிச்சுத் தின்னலாமா, கூடுமா?"

படத்தில் ஓர் இலை. கைவிரல் விரித்தது போல் பிரிந்து, ஓரமெல்லாம் பல் பல்லாக இருந்தது. வீட்டில் இதைப் பற்றி ஏற்கெனவே பேச்சு நடந்திருக்கிறது. அவருடைய உம்மா, இது கோவைக்கொடி, வேலியெல்லாம் படரும், பிடுங்கிப் போடு என்கிறார். ஜித்தாவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு வந்த மச்சான், அரபிகள் உள்ளே சோறு வைத்துச் சுருட்டி அவிக்கும் 'வரக் இனப்' இந்த இலைதான், இது திராட்சையேதான் என்று அடித்துச் சொல்கிறார். தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. நான் படத்தைப் பார்த்தேன். "திராட்சை மாதிரிதான் இருக்கு தம்பி. அல்லாஹ் தந்த ரிஸ்க். பிஸ்மி சொல்லிச் சாப்பிடுங்க" என்றேன். மொத்தம் அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மஃரிப் தொழுகைக்குப் பிறகு அதே தம்பியிடமிருந்து ஃபோன். அவருடைய ஐந்து வயதுப் பையன் அந்தக் கொடியிலிருந்து ஒரு கை நிறையக் கறுப்புப் பழத்தைப் பறித்துத் தின்றிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் நாக்கும் தொண்டையும் அரித்து, உதடு தடித்து, எச்சில் விழுங்க முடியாமல் அழத் தொடங்கிவிட்டான். மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். டாக்டர் என்ன பழம் தின்றான் என்று கேட்க, "திராட்சை" என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். "திராட்சை தின்னா தொண்டை ஏன்மா அரிக்குது?" என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். அதற்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

அல்ஹம்துலில்லாஹ், இரவு பத்து மணிக்குள் பையன் சரியாகி வீட்டுக்கு வந்துவிட்டான். அந்த வீட்டார் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. "ஹஜ்ரத் என்ன பண்ணுவாங்க" என்றார்கள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அதனால்தான் அந்த அரை நிமிடத்தில் நான் எங்கே தவறினேன் என்பதையும், அந்தக் கொடி உண்மையில் என்ன என்பதையும் இங்கே விளக்கமாக எழுதுகிறேன்.

கேட்டது இரண்டு, நான் சொன்னது ஒன்று

அந்தத் தம்பி கேட்டது இரண்டு கேள்விகள். இது திராட்சையா என்பது ஒன்று. இதைத் தின்பது கூடுமா என்பது மற்றொன்று. இரண்டையும் நான் ஒரே பதிலில் முடித்துவிட்டேன்.

இரண்டாவது கேள்வி ஃபிக்ஹ் நூல்களுக்குப் புதியதல்ல. இமாம் ஸுயூத்தி (ரஹ்) அவர்களின் 'அல்அஷ்பாஹ் வந்நழாயிர்' நூலில், பொருள்களின் அடிப்படை நிலை அனுமதிதான் என்ற விதியின் கீழ் சில உதாரணங்கள் வருகின்றன. அவற்றில் ஒன்று ஒட்டகச்சிவிங்கி. மதரஸாவில் ஓதிய எல்லோருக்கும் அது மட்டும் மறக்காது. அதே இடத்தில் இன்னோர் உதாரணமும் இருக்கிறது: பெயர் அறியப்படாத செடி. அதை உண்பது ஹராம் என்று இமாம் முதவல்லீ (ரஹ்) கூறினார்கள். இமாம் நவவீ (ரஹ்) அதற்கு மாறுபட்டு, ஹலால் என்பதே நெருக்கமானது என்று கூறினார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் இரண்டு பெரும் இமாம்கள் நம் கொல்லைப்புறத்துக் கொடியைப் பற்றியே பேசியிருப்பது போல் இருக்கிறது.

என் மனதில் அன்று ஓடியது நவவீ இமாமின் கருத்து. தடை வரவில்லை என்றால் ஹலால். அது சரிதான். ஆனால் அந்தக் கருத்து வேறுபாடு பெயர் தெரியாத செடியைப் பற்றியது. கேடு விளைவிக்கும் செடியைப் பற்றியது அல்ல. உடலுக்குத் தீங்கு செய்வதும் போதை தருவதும் கூடாது என்பதில் இரு தரப்பிலும் கருத்து வேறுபாடு இல்லை. தனக்கும் தீங்கு கூடாது, பிறருக்கும் தீங்கு கூடாது என்பது நபி (ஸல்) அவர்கள் சொன்ன அடிப்படை. ஆகவே ஒரு செடி தீங்கு செய்யுமா செய்யாதா என்று தெரிந்த பிறகுதான் 'ஹலால்' என்ற சொல்லுக்கு அங்கே இடம் வருகிறது. அதைக் கிதாபைத் திறந்து சொல்ல முடியாது. செடியைப் போய்ப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மதீனாவில் பேரீச்ச மரங்களுக்கு மகரந்தச் சேர்க்கை செய்துகொண்டிருந்தவர்களை நபி (ஸல்) அவர்கள் பார்த்த சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அவர்கள் அந்த வேலையை விட்டுவிட, அந்த முறை விளைச்சல் குறைந்தது. உலகக் காரியங்களில் நீங்கள்தான் நன்கு அறிந்தவர்கள் என்ற பொருளில் நபியவர்கள் அப்போது சொன்னார்கள். அல்லாஹ்வின் தூதரே தோட்டக்காரர்களின் அறிவைத் தோட்டக்காரர்களிடம் விட்டிருக்கும்போது, ஒரு மஹல்லா இமாம் கைப்பேசிப் படத்தைப் பார்த்துத் தாவரத் தீர்ப்புச் சொல்லியிருக்கக் கூடாது. 'தெரியாது' என்பதும் ஒரு பதில்தான். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தூரத்திலிருந்து வந்து கேட்டவர்களிடம்கூட அந்தப் பதிலைச் சொல்லத் தயங்கியதில்லை.

கொல்லையில் பார்த்தது

மறுநாள் காலை, கல்லூரியில் தாவரவியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். அடுத்த தெருக்காரர்தான். சுவர் முழுக்கப் பச்சைப் போர்வை போல் கொடி மூடிக் கிடந்தது. நான் இலையைப் பறித்து அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இலையை விடுங்க பாய். தண்டைப் பிடிச்சுக்கிட்டே கீழ போங்க" என்றார்.

பழம் இருந்த கிளையை ஒரு கையால் பிடித்து, பின்னிக் கிடந்ததை விலக்கி விலக்கி வேர் வரை போனோம். பிறகு மச்சான் காட்டிய இலை இருந்த கிளையைப் பிடித்து அதே போல் இறங்கினோம். இரண்டும் இரண்டு இடத்தில் போய் முடிந்தன. ஒன்று கிணற்றடிப் பக்கம், மணிக்கட்டுப் பருமனில் முறுக்கேறிய பழைய தண்டு. மற்றொன்று சுவரின் வெடிப்பில் முளைத்த மெல்லிய தண்டு. சுவரில் இருந்தது ஒரு கொடி அல்ல, இரண்டு கொடிகள். இலை ஒன்றினுடையது, பழம் இன்னொன்றினுடையது. நான் படத்தில் பார்த்தது முதல் கொடியின் இலை. பையன் தின்றது இரண்டாவது கொடியின் பழம்.

கிணற்றடியில் இருந்தது திராட்சையேதான். மச்சான் சொன்னது சரி. வெடிப்பில் முளைத்தது நம் பிரண்டையின் இனத்தைச் சேர்ந்த ஒரு காட்டுக்கொடி. அதன் அறிவியல் பெயர் சிஸ்ஸஸ் விட்டிஜினியா. பெயரின் பின்பாதிக்கே திராட்சை போன்றது என்றுதான் பொருளாம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வேலிகளிலும் புதர்களிலும் தானாக வளர்வது. பிரண்டையை நறுக்கும்போது கை அரிக்கும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் என்ற ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள்தான் காரணம். எண்ணெயில் வதக்கிப் புளி சேர்த்துத் துவையல் அரைப்பதும் அதனால்தான். இந்தப் பச்சைப் பழத்திலும் அதே சங்கதிதான் பையனின் தொண்டையைப் பதம் பார்த்திருக்கிறது.

இந்த இரண்டும் ஒரே குடும்பம். அதனால் ஒரே ஓர் அடையாளத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. அந்த ஆசிரியர் ஒவ்வொன்றாகக் காட்டியதை, நான் புரிந்துகொண்ட வரையில் சொல்கிறேன்.

முதலில் பற்றுக்கம்பி. கொடி பிடித்து ஏறுவதற்காகச் சுருண்டு சுருண்டு நீளுமே, அது. திராட்சையில் அது இலை முளைக்கும் கணுவில், இலைக்கு நேர் எதிர்ப்பக்கம் இருந்து வரும். நுனியில் பெரும்பாலும் இரண்டாகப் பிரியும். பூங்கொத்தும் பழக்குலையும் வருவது அதே இடத்தில், இலைக்கு எதிரில்தான். ஒரு நீளக் கிளையை எடுத்துக் கணுக்களை எண்ணிப் பார்த்தால் இன்னொரு விஷயம் தெரியும். அடுத்தடுத்த இரண்டு கணுக்களில் பற்றுக்கம்பி இருக்கும், மூன்றாவதில் இருக்காது, மறுபடியும் இரண்டில் இருக்கும். நான் எண்ணிப் பார்த்தேன், அப்படியே இருந்தது. ஸுப்ஹானல்லாஹ், இத்தனை வருடம் திராட்சை தின்றிருக்கிறேன், இதைக் கவனித்ததில்லை.

கோவை, பாகல், பீர்க்கு போன்றவற்றில் பற்றுக்கம்பி இலைக்கு எதிரில் வராது. இலைக்காம்பின் ஓரத்திலேயே பக்கவாட்டில் கிளம்பும். தண்டும் மெதுவாக, நீர்ப்பிடிப்பாக இருக்கும். உம்மாவின் சந்தேகம் இதில் தீர்ந்தது. வேலியோரத்தில் படரும் சிறுபூனைக்காலியிலும், மலைப்பகுதியில் வளர்க்கும் பேஷன் பழக்கொடியிலும் பற்றுக்கம்பி இலைக்காம்புக்கும் தண்டுக்கும் இடையிலான இடுக்கில் இருந்து வரும்.

ஆனால் பற்றுக்கம்பிச் சோதனை நம்மைத் திராட்சைக் குடும்பம் வரைதான் கொண்டுபோகும். பிரண்டை இனமும் அதில் தேறிவிடும். அடுத்துப் பார்க்க வேண்டியது பட்டை. வயதான திராட்சைத் தண்டின் பட்டை பழைய கயிறு போல் நார் நாராக உரிந்து தொங்கும். கிணற்றடித் தண்டு அப்படித்தான் இருந்தது.

பூவும் வேறு. திராட்சைப் பூ பச்சை நிறத்தில் கடுகளவே இருக்கும். அதன் 5 இதழ்களும் நுனியில் ஒட்டிக்கொண்டு, பூக்கும்போது விரியாமல், அடியில் பிய்ந்து ஒரு குட்டித் தொப்பி போல் மொத்தமாகக் கழன்று விழும். பிரண்டை இனத்தில் 4 இதழ்கள், அவை விரியும். குலையின் வடிவத்திலும் வித்தியாசம் உண்டு. திராட்சைக் குலை நடுக்காம்பைச் சுற்றி நீளமாகத் தொங்கும். மற்றது குடை பிடித்தது போல் பரந்து நிற்கும்.

கடைசியாக விதை. பையன் தின்ற பழத்தை ஆசிரியர் நகத்தால் பிளந்து காட்டினார். உள்ளே ஒரே ஒரு கொட்டை. வீட்டில் வாங்கி வைத்திருந்த பன்னீர் திராட்சையையும் பிளந்து பக்கத்தில் வைத்தார். திராட்சையில் பெரும்பாலும் 2 முதல் 4 விதைகள் வரை இருக்கும். ஒவ்வொன்றும் பேரிக்காய் போல் ஒரு முனை கூர்மையாக, ஒரு பக்கம் இரண்டு சிறு பள்ளங்களோடு இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு சந்தேகத்துக்கு இடமே இல்லை. வாயில் போடுவதற்கு முன்னால் ஒரு பழத்தைப் பிளந்து பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

ஒத்தவையும் ஒவ்வாதவையும்

திரும்பி வரும் வழியில் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது ஸூரா அல்அன்ஆமின் 99-ஆம் வசனம். குர்ஆனில் திராட்சை 11 இடங்களில் பேசப்படுகிறது. அவற்றில் இதுவும் ஒன்று. வானத்திலிருந்து இறங்கும் மழை நீரால் முளைப்பவற்றைச் சொல்லும்போது அல்லாஹ் திராட்சைத் தோட்டங்களையும் ஸைத்தூனையும் மாதுளையையும் குறிப்பிடுகிறான். அவை ஒன்றையொன்று ஒத்திருப்பவை என்றும் ஒவ்வாதவை என்றும் சொல்லி, அவை காய்க்கும்போதும் கனியும்போதும் அந்தக் கனியை உற்றுப் பார்க்கும்படி கூறுகிறான்.

இது செடியை அடையாளம் காணும் பாடம் என்று நான் சொல்ல வரவில்லை. வசனம் தவ்ஹீதின் அத்தாட்சியைப் பேசுகிறது. அதை அதன் இடத்திலிருந்து நகர்த்தக் கூடாது. ஆனால் எத்தனையோ தடவை ஓதிய வசனத்தில், ஒத்திருப்பது என்பதற்கு அடுத்தே ஒவ்வாதது என்பதும், அதன்பின் பார் என்ற கட்டளையும் வருவதை அன்றுதான் நின்று யோசித்தேன். நான் ஒத்திருப்பதைப் பார்த்தேன். கனியைப் பார்க்கவில்லை.

நம் முன்னோர் பார்த்தார்கள். ரஷீதுத்தீன் இப்னு ஸூரி என்ற மருத்துவர் ஹிஜ்ரி 639-ல் டமாஸ்கஸில் வஃபாத்தானவர். அவர் மூலிகை தேடி லெபனான் மலைகளுக்குப் போகும்போது வண்ணங்களோடு ஓர் ஓவியரையும் கூட்டிக்கொண்டு போவார் என்று அவர் காலத்து வரலாற்றாசிரியர் இப்னு அபீ உஸைபிஆ எழுதியிருக்கிறார். ஒரு செடியை ஒரு தடவை வரைவதோடு விடுவதில்லை. துளிராக இருக்கும்போது ஒரு படம், முற்றி விதை பிடித்திருக்கும்போது ஒரு படம், காய்ந்த பிறகு ஒரு படம். தேடிப் போகிறவனுக்குச் செடி எந்தப் பருவத்தில் கண்ணில் படும் என்று தெரியாதல்லவா? இன்று நம் கையில் கேமராவோடு ஃபோன் இருக்கிறது. நாம் ஓர் இலையைப் படம் எடுத்துவிட்டு, "இது என்ன?" என்று கேட்கிறோம்.

நம் பக்கத்தில் கவனிக்க வேண்டியவை

தொண்டை அரிப்போடு போனது அல்லாஹ்வின் கிருபை. திராட்சை போல் கொத்தாகத் தொங்கும் பழங்களில் இதைவிடக் கடுமையானவை உண்டு.

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இலங்கையிலும் வளரும் காக்காய்க்கொல்லிக் கொடி அவற்றில் ஒன்று. இதய வடிவத்தில் பெரிய இலை, நீளமாகத் தொங்கும் பழக்குலை. அதன் விதையில் பிக்ரோடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது, வலிப்பு வரவைக்கக்கூடியது. அந்தக் காலத்தில் நீரில் கலந்து மீனை மயக்கிப் பிடிக்க இந்த விதையைப் பயன்படுத்தினார்கள். மலையடிவார ஊர்களுக்குச் சுற்றுலா போகும் குடும்பங்கள் பிள்ளைகளைக் கவனிக்க வேண்டும். இதற்குப் பற்றுக்கம்பி கிடையாது. தண்டே சுற்றிக்கொண்டு ஏறும். இலை ஓரத்தில் பல்லும் கிடையாது. நம் வீடுகளில் வளர்க்கும் சீந்திலும் இதே குடும்பம்தான். அதிலும் பற்றுக்கம்பி இருக்காது, மேலிருந்து நூல் போல் வேர்கள் தொங்கும். ஆகவே, ஏறுகிற கொடியில் பற்றுக்கம்பியே இல்லை என்றால் அது திராட்சை இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

வேலிகளில் ஐவிரலி என்று ஒரு கொடி படரும். விரல் விரலாகப் பிரிந்த இலை, தூரத்தில் பார்த்தால் திராட்சை இலை போலவே தெரியும். காய் கோலிக்குண்டு அளவில், வெள்ளை வரிகளோடு பச்சையாக இருந்து, பழுத்ததும் சிவக்கும். மிட்டாய் போல் இருப்பதால் பிள்ளைகள் கை வைப்பார்கள். அது கோவைக் குடும்பம். பழம் நச்சுத்தன்மை உள்ளது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே வீட்டுக்குப் பின்னால் காட்டுத் திராட்சை தானாகவே வளரும். பறித்துத் தின்பவர்களும் உண்டு. அதே இடத்தில் மூன்சீட் என்ற கொடியும் வளரும். கருநீலப் பழக்குலை, பார்க்க அச்சு அசல் திராட்சை. ஆனால் நஞ்சு. அதற்கும் பற்றுக்கம்பி இல்லை, இலை ஓரத்தில் பல் இல்லை. பழத்தைப் பிளந்தால் உள்ளே பிறை வடிவத்தில் ஒரே ஒரு விதை இருக்கும். அதன் பெயரே அந்தப் பிறையை வைத்து வந்ததுதான். சுவரேறும் விர்ஜீனியா கிரீப்பர் கொடியின் பழமும் தின்னக் கூடாதது. அதில் ஒரு காம்பில் 5 தனித்தனிச் சிற்றிலைகள் இருக்கும். திராட்சை இலை பிரிந்திருந்தாலும் ஒரே இலைதான்.

கைப்பேசியில் செடியின் பெயர் சொல்லும் செயலிகள் இப்போது நிறைய இருக்கின்றன. அவற்றைத் தொடக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுச் சுவரை நானே ஒரு செயலியில் படம் எடுத்துப் பார்த்தேன். ஒரு கோணத்தில் ஒரு பெயரும், இன்னொரு கோணத்தில் வேறு பெயரும் காட்டியது. இரண்டு கொடிகள் பின்னிக் கிடப்பது அதற்கு எப்படித் தெரியும்? உங்கள் வட்டாரத் தோட்டக்கலைத் துறை அலுவலகம், மாவட்டத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம், பக்கத்துக் கல்லூரியின் தாவரவியல் துறை, இவற்றில் எங்கு வேண்டுமானாலும் கேட்கலாம். இன்னும் நுணுக்கமாகத் தெரிய வேண்டும் என்றால் கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையமும், திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராப்பினட் உலர்தாவரக் காப்பகமும் இருக்கின்றன. எங்கே போனாலும் ஓர் இலையை மட்டும் கொண்டுபோகாதீர்கள். இரண்டு மூன்று கணுக்களோடு ஒரு கிளைத் துண்டு, பூவோ பழமோ இருந்தால் அதுவும், பழைய தண்டின் ஒரு படமும் வேண்டும். எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்தவைதானா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

பிள்ளை ஏற்கெனவே தின்றுவிட்டது என்றால், வாயில் மிச்சமிருப்பதைத் துடைத்தெடுத்து வாயைக் கொப்பளிக்கச் செய்யுங்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், மோர் என்று கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாதீர்கள். 108-க்கு அழையுங்கள் அல்லது நேராக மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது அந்தக் கொடியின் இலையையும் பழத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயர் தெரியாவிட்டால் "தெரியாது" என்றே டாக்டரிடம் சொல்லுங்கள். தவறான பெயர் அவரை வேறு வழிக்குத் திருப்பிவிடும்.

அந்தத் திராட்சை என்ன ஆனது?

காட்டுக்கொடியை அன்றே வேரோடு எடுத்துவிட்டார்கள். திராட்சையையும் வெட்டிவிடலாமா என்று தம்பி கேட்டார். இத்தனை பெரிய கொடியில் ஒரு குலைகூட இல்லையே, மலடாக இருக்குமோ என்பது அவர் சந்தேகம்.

காரணம் கவாத்து. குளிர் நாடுகளில் திராட்சை குளிர்காலத்தில் இலையுதிர்த்து ஓய்வெடுத்து, பிறகு துளிர்த்துக் காய்க்கும். நம் வெயிலில் அந்த ஓய்வு கிடைக்காது, இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். நாம் வெட்டிவிட்டால்தான் புதுத் துளிரும் அதோடு பூங்கொத்தும் வரும். தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை விளைகிறதே, 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அங்கே முறையாகக் கவாத்து செய்து 2 வருடத்தில் 5 அறுவடைகூட எடுக்கிறார்கள். முற்றிய கிளையில் பன்னீர் ரகத்துக்கு 4, 5 மொட்டுகளை விட்டு மேலே உள்ளதை வெட்டிவிடுவது வழக்கம். இந்தக் கொல்லைக் கொடிக்கு வருடக் கணக்கில் யாரும் கத்தி வைக்கவில்லை, பந்தலும் இல்லை.

வீட்டை விற்றவரிடம் கேட்டதில், அவருடைய தாயார் கம்பத்தில் உறவுக்காரர் வீட்டிலிருந்து ஒரு குச்சியைக் கொண்டுவந்து கிணற்றடியில் நட்டது என்று சொன்னாராம். அந்த அம்மா வஃபாத்தாகிப் பல வருடம் ஆகிறது. ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ பிராணியோ உண்டால் அது நட்டவருக்கு ஸதகா என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அதைச் சொன்னதும் விற்றவர் ஃபோனிலேயே அழுதுவிட்டாராம். வெட்டும் பேச்சு அதோடு முடிந்தது. மனை விற்கப்படும்போது அதில் நிற்கும் மரமும் கொடியும் அதனோடு சேர்ந்தே போகும், இனிக் காய்ப்பது வாங்கியவருக்கே உரியது என்பதையும், அவர் கேட்டதால், சொல்லி வைத்தேன்.

நான்கு கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துப் பந்தல் போட்டார்கள். ஆசிரியர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, மச்சான் கவாத்து செய்தார். இரண்டு வாரத்தில் துளிர் வந்தது. போன வாரம் தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். இலைக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு சின்னப் பச்சைக் கொத்து. "ஹஜ்ரத், இது பூங்கொத்துதானே? பையன் தினமும் போய்த் தொப்பி கழன்றுச்சான்னு பாக்குறான்."

படத்தைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. அஸருக்குப் பிறகு நேரில் வருகிறேன் என்று மட்டும் எழுதினேன்.